கட்டை ஓட்டின ராகிக் கொல்லை

சந்தாபுரா

அன்பு மகள் தாரணிக்கு அம்மா எழுதறது. நாங்க ரெண்டு பேரும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியா இருக்கோம், அந்தக் குளிர்ல நீயும் மாப்பிள்ளையும் சுகமா இருக்கணும்னு அம்மனை வேண்டிக்கிறேன். போன் இருக்கும்போது எதுக்குக் கடுதாசின்னு கேப்பே. இப்பல்லாம் போன்ல பேசும்போது உங்கப்பா பக்கத்துலயே உக்கார்ந்திருக்காரு, அவரை வெச்சுக்கிட்டே அவரைப் பத்தி எப்படிச் சொல்றது? உன் சிநேகிதி வீணா உங்க டப்ளினுக்குக் கிளம்பறா, அவ கையில கொடுத்து அனுப்பறேன்.

நல்ல சேதியை முதல்ல சொல்லிடறேன், ராகி அறுத்தாச்சு. கட்டு கட்டிப் போர் போட்டு மேல தார்ப்பாயும் போத்தியாச்சு. மறுநாளே மழை பிடிச்சுக்கிச்சு, பெய்யட்டும் போன்னு நான் ஜன்னல்ல நின்னு வேடிக்கை பார்த்தேன். பீன்யா கம்பெனியில ரிட்டையர் ஆனதுலேர்ந்து உங்கப்பா இருந்த இருப்பு உனக்கே தெரியும். டிவி முன்னால உக்கார்ந்தா உக்கார்ந்ததுதான், நீ போன் பண்ணாக்கூட அம்மாகிட்ட பேசும்மான்னு என் கையில திணிச்சுட்டு எழுந்து போயிடுவாரு. ரகு மாமா சும்மா கிடந்த தன் கொல்லையை இந்த வருஷம் நீங்க பாருங்க மச்சான்னு சொன்னப்போ, மர்பி டவுன்ல பொறந்து மிஷின் ஓட்டின மனுஷனுக்கு ராகி எதுக்குன்னு நான்தான் சிரிச்சேன். ஆனா முளை வந்த அன்னிக்கு என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினாரு பாரு, அப்பவே வேண்டிக்கிட்டேன், இது மட்டும் வீணாப் போயிடக் கூடாதுன்னு. போச்சுன்னா மனுஷன் திரும்ப அந்த டிவி முன்னாலயே போய் விழுந்துடுவாரேன்னுதான் எனக்குப் பயம்.

பயிர் ஒரு சாண் வந்திருக்கும். மத்தியானம் சாப்பாடு எடுத்துக்கிட்டுப் போறேன், பக்கத்துக் கொல்லை முனியப்பனோட மாட்டைப் பூட்டி, பெரிய மரக்கட்டை ஒண்ணைப் பயிர் மேலயே இழுத்துக்கிட்டு வர்றாரு உங்கப்பா! ஐயோ, மனுஷனுக்குப் புத்தி கலங்கிடுச்சுன்னே நினைச்சேன். கேரியரைக் கீழ போட்டுட்டு மாட்டுக்கு முன்னால போய் நின்னு போட்டேன் பாரு ஒரு கலாட்டா, எதிர் லேஅவுட் வாட்ச்மேன் வரைக்கும் எட்டிப் பார்த்தான். சும்னே இரம்மா, ராகியை இப்படி ஒரு தரம் படுக்க வெச்சாத்தான் பக்கத்துல கிளை வெடிக்கும், இங்க எல்லாரும் பண்றதுதான்னு முனியப்பன் கன்னடத்துல சொல்லிச் சொல்லிப் பார்த்தான். நான் கேக்கணுமே! உங்கப்பா கயித்தை விட்டுட்டு வரப்புல போய் உக்கார்ந்துட்டாரு. மிச்சத்தை முனியப்பன்தான் ஓட்டி முடிச்சான். அதுக்கப்புறம் பார்த்து ஒரு சொட்டு மழை இல்லை. பயிர் நசுங்கி மஞ்சளாக் கிடந்தது, இவரும் பழையபடி டிவி, போட்ட சோறு தட்டுல அப்படியே இருக்கும். நான் பேசின பேச்சு நெஞ்சுல குத்திடுச்சோன்னு எனக்கு ஒரே கவலை. பயிர் சூப்பரா இருக்குன்னு உன்கிட்ட அளந்தேனே, அது அப்போதான். கோவிச்சுக்காதே, அவ்வளவு தூரத்துல இருந்துக்கிட்டு நீ என்ன பண்ணியிருப்பே?

அப்புறம் ஒருவழியா மழை வந்துச்சு. கூப்பிட்டா இவர் வரலை, நான் மட்டும் போனேன். ஒவ்வொரு குத்துலயும் நாலஞ்சு கிளை, பச்சைப் பசேல்னு! நம்பாம குனிஞ்சு விரலால பிரிச்சுக்கூடப் பார்த்தேன். விறுவிறுன்னு வீட்டுக்கு வந்து டிவியை நிறுத்தி, எழுந்திரிங்க, உங்க ராகியை வந்து பாருங்கன்னு கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனேன். வரப்புல நின்னு பார்த்தாரு. என்னைத் திட்டுவாருன்னு நினைச்சேன், சிரிச்சாரு தாரணி. அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு காலமாச்சு, எனக்கு அழுகையே வந்துடுச்சு. அதுலேர்ந்து ஆளைக் கையில பிடிக்க முடியலை, களை எடுக்கணும், கதிர் வந்துடுச்சு, கதிர் முத்தி விரல் மடக்கிடுச்சுன்னு காலையில காபி குடிச்சதும் கிளம்பிடுவாரு. நடுவுல போட்ட அவரைச் செடி இன்னும் பூத்துக்கிட்டே இருக்கு, பனி இறங்கினா பிதுக்குப் பருப்புக் குழம்பு வைக்கலாம்.

நீ ராத்திரியில வெறும் பிரெட்டைத் தின்னுட்டுப் படுக்காதே, சாக்ஸ் போடாம வீட்டுக்குள்ள நடக்காதே. ரெண்டு பேரும் நோய் நொடி இல்லாம நிறைஞ்சு வாழணும். ஒண்ணு மட்டும் மறக்காதே. ஞாயித்துக்கிழமை நீ போன் பண்ணும்போது நான் எடுக்க மாட்டேன், அடுப்புல கை வேலையா இருக்கேன்னு சொல்லிடுவேன். உங்கப்பாவே எடுப்பாரு, என்ன பேசறதுன்னு இப்பவே எனக்குச் சொல்லிச் சொல்லிக் காட்டிக்கிட்டிருக்காரு. கட்டை ஓட்டின கதையை ஆதியிலேர்ந்து ஆரம்பிப்பாரு. நீ ஒண்ணுமே தெரியாத மாதிரி கேளு. அம்மாகிட்ட கொடுங்கன்னு மட்டும் சொல்லிடாதேடி கண்ணு.

உன் அம்மா
ரத்தினம்மாள்