பதினொன்று இருபது

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன். வயிறுதான் எரிகிறது, கோபத்தில்.

நேற்று தனியார் வானொலிச் சங்கத்தோடு ஒலிபரப்பு ஆணைய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். நாடு முழுக்கக் கேட்கும் பெரிய நிலையத்துக்கும், இரண்டே அறையில் ஓடும் எங்கள் நிலையத்துக்கும் ஒரே உரிமக் கட்டணமாம். இது எந்த ஊர் நியாயம்?

ஒன்பது மணிக்கு வரச் சொல்லிவிட்டு, எங்களை வராந்தாவில் நிற்கவைத்தார்கள். ஒருவழியாக உள்ளே விட்டதும் அதிகாரி, "காத்துல பேசுறதுக்கு எதுக்கு இவ்வளவு கூச்சல்? கட்ட முடியலைன்னா மூடிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு, நிதானமாகத் தண்ணீர் குடித்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒலிபரப்பில் ஒரு நொடி மௌனம் விழுந்தாலும் பாய்ந்து நிரப்பிப் பழகிய வாய் அல்லவா எனக்கு? "நேரம் இப்போது பதினொன்று இருபது" என்று அறிவித்துவிட்டேன்!

சங்கத்தார் சிரித்துவிட்டார்கள். "என்னம்மா, கிண்டலா?" என்றார் அதிகாரி.

"இல்ல சார், பழக்கதோஷம். ஆனா நீங்க கூப்பிட்டது ஒம்பது மணிக்கு."

எங்கள் மனுவைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் ஓரமாகத் தள்ளினார். நீ பயப்படாதே, முதலாளி என்னைத் திட்டவில்லை. அடுத்த கூட்டத்துக்கும் நீயே வா என்கிறார்.

என் பழைய கம்பளிப் போர்வையை அனுப்பிவை. அப்படியே போனில் உன் குரலைப் பதிவுசெய்து அனுப்பு, திட்டினாலும் சரி. நாள் முழுக்க ஊருக்கே பேசிவிட்டு அறைக்கு வந்தால், அங்கே விழும் மௌனத்தை நிரப்ப ஆளில்லை.

செய்தி வாசிக்கக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உன் வாயாடி மகள்