எவரு கால்ச்சிந்தி?

சித்தூர், 11 ஜனவரி 1960, திங்கள்

திருத்தணிப் பள்ளியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. தமிழாசிரியர் இடம் எனக்குத்தான்! ஏப்ரல் முதல் தேதி திருத்தணி ஆந்திராவை விட்டு மதராஸ் பக்கம் போகிறது, நானும் கூடவே போய்விடுவேன். இங்கே தமிழ் வகுப்பில் இந்த வருஷம் மொத்தம் பதினோரு பேர். அடுத்த வருஷம் எத்தனை பேரோ, கர்த்தருக்கே வெளிச்சம்.

ஒரே ஒரு நிபந்தனை. இப்போதைய பள்ளியின் தாளாளர் கையெழுத்துப் போட்ட நன்னடத்தைச் சான்று மார்ச் பதினைந்துக்குள் போய்ச் சேர வேண்டும். தாளாளர் யார்? என் மச்சான் சத்தியநாதன், என் மனைவி கிரேஸின் கூடப்பிறந்த அண்ணன். சாயங்காலமே போய்க் கேட்டேன்.

"அதுக்கென்னா மாப்ளே, போட்டுத் தரேன். பொங்கல் லீவுல என்கூட வேட்டைக்கு வா, பேசிக்கலாம்."

கையெழுத்துக்கும் வேட்டைக்கும் என்ன சம்பந்தம்? கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் நான் இல்லை.

அவரிடம் பெரிய மிருக லைசென்ஸ் இருக்கிறது. ஏர்பேட்டுக் காட்டில் கொம்புள்ள ஆண் கடமான் ஒன்று சுட அனுமதி. லைசென்ஸ் இல்லாத ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம், ஆனால் அவர் துப்பாக்கியைத் தொடக்கூடாது. அந்தத் தொடக்கூடாதவன் நான்.

14 ஜனவரி

வயிற்று வலி என்று சொல்லியனுப்பினேன். மச்சான் சுக்குக் கஷாயம் கொடுத்தனுப்பினார்.

16 ஜனவரி, சனி

வந்து குளித்து முடித்துவிட்டு எழுதுகிறேன்.

விடிகிற நேரத்தில் காட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே தெலுங்கில் ஒரு பலகை. நான் எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தேன்: "அடவிலோ பீடீ கால்ச்சராது." காட்டில் பீடி குடிக்கக்கூடாதாம். "பரவால்லியே மாப்ளே, தெலுங்கு வந்துடுச்சே" என்றார் மச்சான். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நான் ஒரு மடையன்.

ஒரு பாறையடியில் என்னை உட்காரவைத்துவிட்டு மச்சான் ஓடைப் பக்கம் போனார். தனியாக இருந்தேன். புதர் அசைந்தாலும் பயம், அசையாவிட்டாலும் பயம். சட்டைப் பையில் பீடிக்கட்டு இருந்தது. (இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும். மாமனார் இருமி இருமியே போனார். அவர் சவப்பெட்டியைத் தொட்டு, இனி பீடி தொடமாட்டேன் என்று கிரேஸிடம் சொன்னேன். நாலு வருஷம் ஆகிறது. நாலு வருஷமாகத் திருட்டுத்தனம்.) பலகையை மறந்து ஒன்று பற்றவைத்தேன்.

வெடிச் சத்தம். சற்று நேரத்தில் மச்சான் வேர்த்துக் கொட்ட ஓடிவந்தார். துப்பாக்கியை என் காலடியில் போட்டார், பையிலிருந்த காலித் தோட்டாவும் கூடவே விழுந்தது. "பாத்துக்கினு இரு மாப்ளே, ஜீப்பை எடுத்தாறேன்" என்று போனவர் போனவர்தான். என்ன சுட்டார், எதைச் சுட்டார், ஒன்றும் சொல்லவில்லை.

வந்தது ஜீப் அல்ல. ஃபாரஸ்ட் கார்டு நாகேந்திரன். கடுகடு முகம். தரையைக் காட்டிக் கேட்டார்: "எவரு கால்ச்சிந்தி?"

தரையில் பீடித்துண்டு புகைந்துகொண்டிருந்தது. யார் குடித்தது என்கிறார், மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன்.

"நேனே சார்." நான்தான் என்றேன்.

"என்னி?" எத்தனை?

"ஒகடே ஒகடி." ஒன்றே ஒன்று.

"எந்துக்கு கால்ச்சினாவு?" ஏன் குடித்தாய்?

"பயம் வேசிந்தி சார்." பயமாக இருந்தது என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்!

ஏதோ எழுதினார், கையெழுத்துக் கேட்டார். கூட்டெழுத்துத் தெலுங்கு, ஒரு வரியும் புரியவில்லை. பீடிக்கு அபராதம் போடுவார்கள், கிரேஸுக்குத் தெரியாமல் போனால் சரி என்று போட்டுவிட்டேன். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார். பீடிக்கு எதற்குத் துப்பாக்கி என்று அப்போதுகூடத் தோன்றவில்லை எனக்கு.

18 ஜனவரி, திங்கள்

நாகேந்திரன் கொடுத்த நகலைத் தெலுங்கு மாஸ்டர் கோவர்த்தனனிடம் காட்டினேன். படித்தார். மறுபடியும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னா சுந்தர்ராஜ் சார், மான சுட்டிங்களா? அதுவும் பெட்டையை?"

பெட்டைக் கடமான். கூடவே குட்டி நின்றதாம். லைசென்ஸ் இல்லாத சுந்தர்ராஜ் பயத்தில் ஒரு தோட்டா சுட்டதாக ஒப்புக்கொண்டு கையொப்பம்!

தமிழில் பீடியைக் குடிக்கிறோம், துப்பாக்கியால் சுடுகிறோம். தெலுங்கில் பீடியையும் கால்ச்சுகிறார்கள், துப்பாக்கியையும் கால்ச்சுகிறார்கள். பதினாலு வருஷமாக வினைச்சொல் நடத்துகிறவன் ஒரு வினைச்சொல்லில் குப்புற விழுந்தேன்.

19 ஜனவரி

மச்சானிடம் ஓடினேன். சிரிப்பார், நானே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நெசத்தைச் சொன்னா என் லைசென்ஸ் பூடும், துப்பாக்கி பூடும், சபையில மொகம் காட்ட முடியாது. உனக்குத்தான் லைசென்ஸே இல்லியே மாப்ளே, போறதுக்கு என்னா இருக்குது?"

"வேல போய்டுமே மச்சான்! கேஸ் ஆச்சுன்னா திருத்தணில சேத்துக்குவாங்களா?"

"கையெழுத்துப் போட வேண்டியவன் நான்தானே? கம்முனு இரு. அபராதத்தோட முடிஞ்சிடும்."

இதுதான் நிலைமை. வாயைத் திறந்தால் சான்று கிடைக்காது. மூடிக்கொண்டால் சான்று கிடைக்கும், ஆனால் மான் சுட்டவனுக்கு அந்தச் சான்றை வைத்து என்ன பயன்? இதற்கெல்லாம் மேலே, உண்மையைச் சொல்ல வேண்டுமானால் முதலில் பீடியைச் சொல்ல வேண்டும். கிரேஸ் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்?

2 பிப்ரவரி

பாவி. படுபாவி. எட்டு பீடி இன்றைக்கு.

13 பிப்ரவரி, சனி

விசாரணைக்குத் திருப்பதி ஃபாரஸ்ட் ரேஞ்ச் ஆபீஸுக்கு வரும்படி தபால். கிரேஸ்தான் வாங்கினாள். அவள் இந்த ஊரிலேயே பிறந்தவள், தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு. நின்றபடியே படித்தாள்.

"எலி ஓடினா கட்டிலு மேல ஏர்ற ஆளு, மான சுட்டிங்களா? என்னாங்க இது?"

தபாலை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அவள் அழுதிருந்தால் தேவலை.

23 பிப்ரவரி

நாளைக்கு விசாரணை. நானும் வருவேன் என்கிறாள். வேண்டாம் என்றேன். புடவைக்கு இஸ்திரி போடுகிறாள்.

24 பிப்ரவரி, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ரேஞ்சர் வயதானவர், நிதானமானவர். மச்சான் முதலில் சொன்னார்: "துப்பாக்கியை வெச்சிட்டு ஒதுங்கப் போனேன் சார், ஆர்வத்துல எடுத்துட்டாரு." தெலுங்கில் தேன் மாதிரி சொன்னார். ரேஞ்சர் என் பக்கம் திரும்பி அதே கேள்வியைக் கேட்டார். "மீரே கால்ச்சினாரா?"

பின்பெஞ்சில் கிரேஸ். சொல், சொல், சொல்லித் தொலை! சட்டைப் பையிலிருந்து பீடிக்கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"நான் கால்ச்சினது இதைத்தான் சார்."

கொஞ்ச நேரம் ஒருவருக்கும் புரியவில்லை. முதலில் நாகேந்திரன் தலையில் அடித்துக்கொண்டார். ரேஞ்சர் மட்டும் நம்பவில்லை. துப்பாக்கியைக் கொண்டுவரச் சொல்லி என் கையில் கொடுத்து, ஒரு காலித் தோட்டாவையும் கொடுத்து, போட்டுக் காட்டு என்றார். திருப்பினேன், அழுத்தினேன், இழுத்தேன். எங்கே திறக்கும் என்றே தெரியவில்லை. குழாய் முனை வழியாகத் தோட்டாவை நுழைக்கப் பார்த்தேன். நாகேந்திரன் சிரிப்பை அடக்க வெளியே போய்விட்டார்.

ரேஞ்சர் மச்சானைப் பார்த்தார். மச்சான் கூரையைப் பார்த்தார்.

"அண்ணே," என்றாள் கிரேஸ், "நீ சொல்றியா, இல்ல நான் சொல்லட்டா?"

அவளுக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஆனால் அண்ணனுக்குத் தங்கச்சியைத் தெரியும். உட்கார்ந்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொல்லிவிட்டார்.

காட்டில் புகைத்ததற்கு எனக்கு அபராதம், ரசீதோடு. பஸ் சித்தூர் வந்து இறங்கும்போது கிரேஸ் சொன்னாள்.

"நாலு வருஷமா உங்க சட்டைய தொவைக்கிறது யாருன்னு நெனச்சிங்க?"

15 மார்ச்

சான்று வரவில்லை.

1 ஏப்ரல் 1960, வெள்ளி

இன்றிலிருந்து திருத்தணி மதராஸ் ராஜ்ஜியம். அந்த இடத்துக்கு வேறொருவர் சேர்ந்துவிட்டாராம், கோவர்த்தனன் சொன்னார். நான் சித்தூரிலேயே, அதே பள்ளியில், அதே தாளாளருக்குக் கீழே. மச்சான் வராந்தாவில் எதிரே வந்தால் சுவரைப் பார்க்கிறார். லைசென்ஸ் ரத்தாகி அவரும் இங்கேயே, நானும் இங்கேயே. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கோடு கிழிக்க எந்தச் சர்க்காருக்கும் தோன்றவில்லை.

வருகிற ஜூனிலிருந்து தமிழ் வகுப்பு வாரத்துக்கு மூன்றே பீரியட். மீதிக்குச் சின்ன வகுப்புகளில் தெலுங்கு சொல்லித்தர வேண்டுமாம். கிரேஸிடம் பாடம் கேட்கிறேன். இன்றைக்கு வினைச்சொற்கள். ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொண்டே வந்தவள், அந்தச் சொல் வந்ததும் நிறுத்தினாள். புத்தகத்தை மூடினாள். உள்ளே போய்த் தீப்பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"ஒகடே ஒகடி," என்றாள். "வாசல்ல போய் கால்ச்சிட்டு வாங்க. எனக்குத் தெரிஞ்சி."

போனேன். வாசலில் நின்றேன். பற்றவைக்க மனம் வரவில்லை.