மேகத்துக்குக் கீழே ஒரு கறுப்புத் திட்டு

சனத்நகர், ஹைதராபாத்
8-7-1985

அன்புள்ள உங்களுக்கு ஜலஜா நமஸ்காரம். இங்கு எல்லோரும் சௌக்கியம்.

வந்துவிட்டது! போன வருஷம் அமெரிக்க விண்கலம் எடுத்த ரேடார் படம், ஆராய்ச்சிக்காக எங்கள் ஆபீசுக்கு! அதுவும் நீங்கள் ரேஞ்சராக இருக்கும் அந்தமான் காடு! மேலே ஒரே மேகம், ஆனாலும் துளி மறைவில்லை. ரேடார் தானே அலையை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துப் படமாக்குகிறது. மரக்கூட்டம் வெளுப்பாகத் தெரியும், வெட்டவெளி கறுப்பாகத் தெரியும். உங்கள் ரேஞ்சுக்கு வடக்கே, ஓடை திரும்புமிடத்தில், நல்ல கறுப்புத் திட்டு. யாரோ மரம் வெட்டியிருக்கிறார்கள். கோபித்துக்கொள்ளாமல் போய்ப் பாருங்கள்.

தங்கள்
ஜலஜா

மாயாபந்தர்
24-7-1985

சௌபாக்கியவதி ஜலஜாவுக்கு ஆசீர்வாதம்.

கோபம்தான். என் காட்டில் என்னைக் கேட்காமல் ஒரு கிளை ஒடியாது. கல்யாணமாகி ஒரு வருஷம், நீ அங்கே, நான் இங்கே. வேலையை விட்டுவிட்டு வா என்றால் என்மேலேயே புகார் எழுதுகிறாய். சரி, பந்தயம். மழையானாலும் போகிறேன். மரம் வெட்டியிருந்தால் ராஜினாமா என்ற பேச்சையே எடுக்கமாட்டேன். இல்லையென்றால் தீபாவளிக்குள் வேலையை விட்டுவிட்டு நீ இங்கே வரவேண்டும்.

சாரங்கபாணி

சனத்நகர்
5-8-1985

நமஸ்காரம். சம்மதம்!

"நக்கோ ஜலஜா, வேண்டாம்டி, குடித்தனத்தை வச்சு யாராவது பந்தயம் கட்டுவாளோ?" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்கிறாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அட்டை கடிக்கும், உப்பு எடுத்துப் போங்கள்.

ஜலஜா

மாயாபந்தர்
30-8-1985

ஜலஜா, தோற்றாய்! ஒரு மரம் வெட்டப்படவில்லை. ஏரியடி அது, ஏரி! மலை சரிந்து ஓடையை அடைத்திருக்கிறது. நடுக்காட்டில் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. இந்தக் காட்டிலேயே தலை நரைத்த ஃபாரஸ்ட் கார்டு ராஜாராமன், "இது எப்போ வந்துச்சு சார்?" என்று கரையில் உட்கார்ந்துவிட்டார். எந்த வரைபடத்திலும் இல்லை. நான் பூட்ஸோடு இறங்கி, வெட்கமில்லாமல் கூச்சல் போட்டேன்.

ராஜினாமா எழுதியிருந்தால் கிழித்துப் போடு. நீ இங்கே வந்து எனக்குச் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தால் என் காட்டை யார் பார்ப்பது?

சாரங்கபாணி

சனத்நகர்
16-9-1985

நமஸ்காரம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன், சிரித்தேன், அம்மாவைக் கட்டிக்கொண்டு சுற்றினேன்.

தண்ணீரும் கறுப்பாகத்தான் விழும். தெரிந்தும், வரைபடத்தில் ஏரி இல்லையே என்று மரவெட்டு என்றுவிட்டேன். படத்தை நம்பியிருக்க வேண்டும், உங்களையும்.

தோற்றவள் வாக்குத் தவற மாட்டேன், தீபாவளிக்குள் வருகிறேன். படத்தை நேரில் சரிபார்க்க எங்கள் ஆபீசர் துரைராஜ் சார் என்னையே அனுப்புகிறார். டூட்டியில் வருகிறேன், ஐயா! முதலில் ஏரி. அப்புறம்தான் உங்கள் குவார்ட்டர்ஸ்.

தங்கள்
ஜலஜா