முன்கூட்டி வாங்கிய பம்ப்

இன்று மதியம் செராமிக் கம்பெனியில், இன்னும் சூளைக்குப் போகாத மண் பொம்மைகளுக்குப் பிசிறு தட்டிக்கொண்டிருந்தேன். புதிதாகச் சேர்ந்த பெண், ஏழு மாத வயிற்றோடு வந்து, போனை என் முன்னால் நீட்டினாள். திரையில் தாய்ப்பால் எடுக்கிற பம்புகள். "யக்கா, இதுல எது நல்லாருக்குது? இப்பவே வாங்கி வச்சிடட்டா?" என் கையிலிருந்த பச்சை மண் யானையின் காது உடைந்து விழுந்தது. கை கழுவ எழுந்து போய்விட்டேன். குழாயடியில் உன் ஞாபகம். என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த நீ போய் நாலு வருஷம் ஆகிறது.

அதே குழாயடியில்தான் அன்று நீ என்னைப் பார்த்தாய். என் பையன் வீட்டில் பசும்பால் குடித்துக்கொண்டிருக்க, நான் இங்கே ரவிக்கை நனைந்து, மார்பு கல்லாகக் கட்டிப்போய், பாலைப் பீய்ச்சிச் சாக்கடையில் விட்டுக்கொண்டிருந்தேன். உனக்கு அப்போது எட்டாம் மாதம். "எம்புள்ளைக்கு இந்தக் கதி வாணாம்டி," என்றாய். பிள்ளை பெற்று இரண்டு மாதத்தில் திரும்பாவிட்டால் செராமிக்கில் நம் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்துவிடும். பம்ப் வாங்கு என்று ஆரம்பித்தவள் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டு பக்கத்து மருந்துக் கடைக்குப் போனோம். "கரண்டுல ஓடுறதா, கையால அமுக்குறதா?" என்றார் கடைக்காரர்.

"கையால அமுக்குறதே குடுங்க. கரண்டு வர்ற நேரம் பாத்தா பால் சுரக்கும்?" என்றாய் நீ.

மார்பில் வைக்கிற புனலில் இரண்டு அளவு இருந்தது. தினமும் கொதிக்கிற தண்ணீரில் போட்டெடுக்க வேண்டும் என்றார் அவர். நீ பெரியதைத் தொட்டாய். "சூடு பட்டா எதுவும் சுருங்குந்தானே? ஒரு சுத்து பெருசா எடுத்துடுவோம்." சூளையில் மண் சுருங்குவதையே பார்த்து வளர்ந்த புத்தி. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது, போ.

பிறக்காத பிள்ளைக்குச் சாமான் வாங்கினால் ஆகாது என்று உன் மாமியார் சொல்லி வைத்திருந்தார். அதனால் பெட்டி என் வீட்டுப் பரணில் ஏறியது.

பத்தே நாள். வலி முந்திக்கொண்டது. பெண் பிறந்தாள், உனக்கு ரத்தம் நிற்கவில்லை.

சாவு வீட்டில் எனக்கு எதையும் மறைக்க வரவில்லை. பம்ப் இருக்கிறது, பிள்ளைக்கு நான் பால் தருகிறேன் என்று அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். உன் மாமியார் எல்லார் முன்னாலும் மாரில் அடித்துக்கொண்டார்: "பொறக்கறதுக்கு முன்னாடியே வாங்கி வச்சி எம்மருமவள வாரிக் குடுத்துட்டியேடி, பாவி!"

மறுநாள் ஆண்கள் சொம்பில் பால் எடுத்துக்கொண்டு சுடுகாட்டுக்குப் பால் தெளிக்கப் போனார்கள். அந்த நேரம் நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். டாக்டரம்மா என்னைச் சோதித்துச் சரி என்ற பிறகு, உன் பம்பை வெந்நீரில் போட்டெடுத்து உன் மகளுக்காக அமுக்கிக்கொண்டிருந்தேன். அவளுக்குச் சப்பவும் தெம்பில்லை, குழாய் வழியாகத்தான் பால். புனல் சுருங்கவே இல்லையடி. ஓரத்தில் காற்றுப் போனது. விரலால் அழுத்திப் பிடித்தால்தான் இழுத்தது. முதல் நாள் ஒரு சங்கு அளவுகூடத் தேறவில்லை. அதையும் உன் மாமியார்தான் முந்தானையால் மூடி உள்ளே எடுத்துப் போனார், என் முகத்தைப் பார்க்காமல். பதினோரு நாள் அப்படியே நடந்தது.

உன் மகள் இப்போது அங்கன்வாடி போகிறாள். உன் பல்வரிசை. உன் மாமியார் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

ஒரு பொருளை வாங்கி வைத்ததால் யாரும் சாவதில்லை. வாங்கி வைத்திருந்ததால்தான் உன் மகள் குடித்தாள். எனக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும், கை கழுவித் திரும்பி வந்து அந்தப் பெண்ணிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "பொறக்கட்டும், அப்பறம் பாத்துக்கலாம்." உன் மாமியாரின் பேச்சு, என் வாயில். அவள் முகம் சுருங்கிப் போனது. எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

நாளைக்கு அவளைக் கடைக்குக் கூட்டிப் போகப் போகிறேன். அளவு பார்த்து, சரியான புனலாக எடுத்துக் கொடுப்பேன். இப்போதே வாங்கு என்று என் வாயாலேயே சொல்வேன். ஆனால் பெட்டியை அவள் எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். என் வீட்டுப் பரணில் மட்டும் வேண்டாம்டி.