ஆணிக் கதையை இனிச் சொல்லாதே

திங்கள்
எலும்பு வார்டு, ஜன்னலோரக் கட்டில்

என் பாப்பாவுக்கு (ஐம்பது வயதானாலும் எனக்குப் பாப்பாதான்),

போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. இதற்காகவே இந்த வயதில் எழுதப் படித்தேன் போலிருக்கிறது. மெதுவாகத்தான் வருகிறது, ஆனால் வருகிறது. நர்ஸ் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

இடுப்பில் ஆபரேஷன் நடந்தது எனக்கு. வலி எப்படி என்று நர்ஸ் கேட்டால், நீ அங்கிருந்து போனில் பதில் சொல்கிறாய். "எங்கப்பா பட்டறையில கால்ல ஆணி ஏறியும் சத்தம் போடாம வேலை பார்த்தவரு. பாதி மாத்திரை போதும்." சத்தம் போடவில்லையா? தெருவே கூடும்படி கத்தினேன். நீ அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாய். நேற்று நடக்கச் சொன்னார்கள். கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. இருமக்கூடப் பயமாக இருக்கிறது. வலி எனக்கு, வாய் உனக்கா?

கோபத்துடன்,
அப்பா

செவ்வாய்

அன்புள்ள அப்பாவுக்கு,

எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. திட்டுவதற்காகவா படித்தீர்கள்?

அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்து வலி மருந்து ஏற ஏற, என்னைப் பார்த்து "நீ யாரும்மா?" என்றாள். கடைசி வரை அதையே கேட்டாள். உங்கள் வாயிலிருந்தும் அதைக் கேட்க என்னால் முடியாது. வலியாவது ஒரு நாள் தீரும். திட்டுங்கள், பரவாயில்லை.

உங்கள் மகள்

புதன்

பாப்பா,

அவள் என்னையும்தான் கேட்டாள். அதற்காக நான் துடிக்க வேண்டுமா?

இன்று டாக்டரிடம் நானே கேட்டேன். வயதானவர்களுக்கு மருந்து அதிகமானாலும் புத்தி தடுமாறுமாம். வலியோடு தூங்காமல் கிடந்தாலும் தடுமாறுமாம். கொஞ்சமாக, நேரம் தவறாமல் கொடுத்துப் பார்த்துக்கொள்வார்களாம். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அவரோடும் சண்டை போட்டேன். "உங்க பொண்ணுதான் எல்லாம் பேசிட்டாங்களே" என்றார்.

இனி நர்ஸுக்குப் போன் செய்யாதே. தினமும் உனக்கு எழுதுகிறேன். எழுத்து கோணினால் டாக்டரைக் கூப்பிடு. அதுவரை வாயை மூடு.

அப்பா

வியாழன்

பாப்பா,

மாத்திரை போட்டுக்கொண்டு கதவு வரை நடந்து திரும்பினேன். வலிக்கிறது, ஆனால் தாங்கக்கூடிய வலி. எழுத்தை நன்றாகப் பார்த்துக்கொள்.

நீ யார் என்று தெரிகிறது. என் மகள். என்னைக் கேட்காமல் எனக்காகப் பேசியவள். கோபமும் மறக்கவில்லை.

அப்பா