படிப்பை விட்டவர்கள் பட்டியல்

என் அன்பானவருக்கு,

நலம் விசாரிக்கக்கூடப் பொறுமையில்லை. எங்கள் பல்கலைக்கழகம் தரவரிசையில் தொண்ணூற்று நான்கிலிருந்து எழுபத்தொன்றுக்கு வந்துவிட்டது!

போன கடிதத்தில் அழுது எழுதியிருந்தேனே, இந்த வருடமும் இடம் இறங்கினால் எங்கள் புள்ளிவிவரப் பிரிவை மூடிவிடுவார்கள், என் ஒப்பந்த வேலையும் போய்விடும், என் சம்பளமும் இல்லாவிட்டால் நீங்கள் வெளியூர் வேலையை விட்டு வீடு திரும்புவது இன்னும் தள்ளிப்போகும் என்று. அந்தக் கண்ணீரையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

எங்களைக் கீழே இழுத்தது, படிப்பைப் பாதியில் விட்டவர்களின் எண்ணிக்கை. நானூற்றுப் பன்னிரண்டு பேர்! அதை ஈடுகட்டப் பதிவாளர் ஒரு குறுக்குவழி சொன்னார். ஓய்வுபெற்ற பேராசிரியர்களையும் ஆசிரியர் கணக்குல சேர்த்துடும்மா, யாரு கேக்கப் போறாங்க என்றார். மாட்டேன் என்றேன். என் பிடிவாதம்தான் உங்களுக்குத் தெரியுமே. பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் போன் போட ஆரம்பித்தேன்.

முதலில் எடுத்த பெண், நான் எங்க விட்டேன், பாஸாகி மூணு வருஷமாச்சு மேடம் என்று சண்டைக்கே வந்துவிட்டாள். விசாரித்தால், பட்டச் சான்றிதழை நேரில் வந்து வாங்காதவர்களை எல்லாம் படிப்பை விட்டவர்கள் என்றே எங்கள் அலுவலகம் இத்தனை வருடமாகப் பதிந்து வந்திருக்கிறது. இதைவிடக் கூத்து, பட்டியலில் இருந்த ஒருவர் எங்கள் மாடியிலேயே நூலகத்தில் வேலை பார்க்கிறார். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

உண்மையாகவே விட்டவர்கள் அறுபத்தொரு பேர். அவர்களில் பலர் ஒரே காரணத்தைச் சொன்னார்கள். சாயங்கால ஆய்வக வகுப்பு முடிவதற்குள் கடைசி பஸ் போய்விடுகிறதாம். திருத்திய எண்ணிக்கையோடு அதையும் அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன். வகுப்பைக் காலைக்கு மாற்றினார்கள். பதினான்கு பேர் திரும்ப வந்து சேர்ந்திருக்கிறார்கள். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

நேற்று துணைவேந்தர் கூப்பிட்டு, நிரந்தர வேலைக்கான உத்தரவைக் கையில் கொடுத்தார். பதிவாளரும் கைகுலுக்கினார், முகத்தை மட்டும் உர்ரென்று வைத்துக்கொண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இன்று நம் குட்டியின் பள்ளிப் படிவத்தில், வீட்டில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டிருந்தார்கள். இரண்டு என்று எழுதினேன். அவள் முகம் வாடியதைப் பார்க்க முடியவில்லை. அதை அடித்துவிட்டு மூன்று என்று எழுதினேன். தெரிந்தே நான் எழுதிய ஒரே பொய்க் கணக்கு இதுதான். யாராவது வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்ப்பதற்குள் வந்து சேருங்கள்.

வழிமேல் விழி வைத்து,
உங்கள் பிடிவாதக்காரி