பதினாறுக்குக் கட்டிய மைக் செட்

என் உயிரான அக்கா,

இரணியலில் உன் வீட்டு வாசலில் மைக் செட் கட்டிவிட்டார்கள். நீ எங்களை விட்டுப் போய், நாளை உனக்குப் பதினாறாம் நாள் காரியம்.

ஆணை நேசிக்கும் ஆண், பெண்ணை நேசிக்கும் பெண் என்று எங்கள் கதைகளை இந்தப் பக்கத்தில் முதன்முதலில் தேடி வந்து கேட்டவள் நீ. “இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா?” என்று கல்லூரியில் கேலி பேசினார்கள். நீ பாட்டுக்குப் பஸ் ஏறி முட்டம் பாறைக்கு வந்தாய். “சாப்பிட்டியா மக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் டேப்பை அழுத்துவாய். பேர் கேட்க மாட்டாய். ஒரு மீன் பேரை வைத்துக்கொள்ளச் சொல்வாய். நான் வாளை என்றேன். “உனக்க பொக்கத்துக்கு அதுதாம்ட்டி சரி,” என்று நெட்டையான என்னை அண்ணாந்து பார்த்துச் சிரித்தாய்.

அந்தக் கேசட்டுகளை நாளை ஊர் கேட்கப் போடப்போகிறார் உன் அண்ணன். நீ இருந்தவரை உன் பேச்சைக் காதில் வாங்காத மனுஷன்! இப்போது அழுகிறார். “அவ செஞ்ச வேலய ஊரு அறியண்டாமா? அதுல பேரு ஒண்ணும் இல்லியே மக்கா.”

பேர் எதற்கு? இங்கே வாயைத் திறந்தாலே எந்தக் கடற்கரை, யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுவார்களே. மீன் பேர் வைத்தபோது இதை யோசித்தாயா அக்கா?

மதியம் சோதித்துப் பார்க்க ஒன்றைப் போட்டார். மைக் செட்காரன் வயரும் கையுமாக நின்றுவிட்டான். “இந்தக் குரல எனக்குத் தெரியும்லா,” என்று ஒரு ஊர்ப்பேரைச் சொன்னான். அதை இங்கே எழுத மாட்டேன். “முழுசும் போடுங்க அண்ணாச்சி. ஆரு ஆருன்னு நாளைக்குப் பாத்திருவோம்,” என்று சிரித்தான். அந்தக் குரலுக்கு உரியவனுக்கு மனைவியும் பிள்ளைகளும் உண்டு. நாளை அவனும் வருவான். திரும்பிப் போகும்போது அவன் பின்னால் யார் யார் போவார்கள்?

அண்ணனிடம் கெஞ்சினேன், கத்தினேன். “ஒண்ணுகூடப் போடாம எப்பிடிட்டி?” என்று ஒரே பிடிவாதம்.

“அப்ப வாளையப் போடுங்க. அது நான்தான்.”

அண்ணன் என் பக்கம் திரும்பினார். “உனக்க அம்மை முன்னாலதான இருப்பா?”

“இருக்கட்டும்.”

கேசட்டுப் பெட்டியின் சாவியை என் கையில் தந்துவிட்டார். நான் ஏன் கல்யாணம் வேண்டாம் என்றேன் என்பது அம்மைக்கு இன்றுவரை தெரியாது. பயமாக இருக்கிறது அக்கா. மைக் செட்காரன் வாசலில் நின்று யாரிடமோ போன் பேசிக்கொண்டே இருக்கிறான்.

நாளை என் குரல் வரும்போது அம்மையின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். அவள் உதறினாலும் எழுந்து போக மாட்டேன். மற்றவர்கள் குரல் அந்தப் பெட்டியை விட்டு வெளியே வராது. சத்தியம்.

உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
வாளை